மூன்றாம் பாட்டிலின் சிவப்புக் கோடு

பெயிண்ட்பால் ஆட்டத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாத சாமான் ஒன்றே ஒன்றுதான். முகமூடி. மற்றதிலெல்லாம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒப்பேற்றிவிடலாம்.

போன முறை விசாரிக்க வந்தபோது நீங்கள் முதலில் கேட்டது இதைத்தான், மேடம். ‘கையில காசில்லாத பசங்க இந்த ஆட்டத்தை எப்படிப்பா ஆடுறீங்க?’ மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அது நல்ல கேள்வியாகப் பட்டது. அன்று பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. இன்று நானாகத்தான் வந்திருக்கிறேன். கதவைச் சாத்தச் சொல்லுங்கள், வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். கேஸ் அழுத்தத்தில் சுடும் துப்பாக்கி, அதில் கோலிக்குண்டு அளவில் சாயம் நிரப்பிய உருண்டைகள். சாயம் பட்டவன் வெளியே. அவ்வளவுதான் ஆட்டம். வசதியுள்ள பிள்ளைகள் புதுத் துப்பாக்கி, கையுறை, முட்டிக்கவசம் என்று கடையையே மாட்டிக்கொண்டு வருவார்கள். நாங்கள் மூடிப்போன ஒரு மைதானத்திலிருந்து பழைய துப்பாக்கிகளை மொத்தமாக எடுத்தோம். ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து இழுத்துச் சுட வேண்டிய ரகம். அதில் ஒரு லாபம் உண்டு: கண்டபடி சுட முடியாது, உருண்டை மிச்சமாகும். முட்டிக்கு லாரி டியூபை வெட்டிக் கால்சட்டைக்குள் வைத்துத் தைத்தோம். மறைந்துகொள்ள எண்ணெய் டிரம், கேபிள் சுற்றிய மரச்சக்கரம். வாரத்தில் மூன்று நாள் உருண்டையே இல்லாமல்தான் பயிற்சி. ஓடுவோம், குப்புற விழுவோம், ‘டுப்’ என்று வாயால் சுடுவோம். பட்டதா இல்லையா என்று அப்புறம் அரைமணி நேரம் சண்டை போடுவோம். கீழே விழுந்த உருண்டையை மட்டும் எடுக்கக் கூடாது. ஈரத்தில் ஊதிப்போயிருக்கும், குழலுக்குள்ளேயே உடையும். இதெல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது.

எங்கள் அணியில் ஆறு பேர். யாரும் சொந்தப் பெயரில் அழைத்துக்கொண்டதில்லை. கேப்டனை நெட்டை என்போம். என்னைச் சோடா என்றார்கள், கேஸ் நிரப்புகிறவன் என்பதால். அந்தப் பெயரை எனக்கு வைத்தவன் பூனை. விடுதியில் என் அறைக்காரன். தரையோடு தரையாக, சத்தமே இல்லாமல் டிரம்மிலிருந்து டிரம்முக்குப் போவான். அதனால் அவனுக்கு அந்தப் பெயர். அவனை ஆட்டத்துக்குக் கூட்டிவந்தவன் நான்தான்.

கேஸ் விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அப்பா கேஸ் டிப்போவில் சுமை ஏற்றுகிறவர். முப்பது வருடமாக இடது தோளில் சிலிண்டர். அந்தத் தோள் வலது தோளைவிட இரண்டு விரல் கீழே இறங்கியிருக்கும். அம்மா கட்டட வேலையில் செங்கல் தூக்கினாள். அக்கா ஒரு பெரிய சாப்பாட்டுக் கூடத்தில் தட்டுகளை அடுக்கடுக்காகத் தூக்குகிறாள். எங்கள் வீட்டில் எல்லோரும் எதையாவது தூக்குகிறவர்கள். இது குறை சொல்வதற்காக அல்ல, தகவலுக்காகச் சொல்கிறேன்.

எனக்குப் பதினோரு வயதில், அப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன். ஒரு சிலிண்டர் லாரியிலிருந்து தலைகீழாக விழுந்து வால்வு பிய்த்துக்கொண்டது. அது குதித்ததை நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டது, திரும்பினேன், எதிரே இருந்த செங்கல் சுவரில் வாசல் போல ஓட்டை இருந்தது. அதுவரை சுவருக்கும் லாரிக்கும் நடுவே டிப்போ மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். அன்றிலிருந்து எனக்கு வால்வைப் பார்க்காமல் இருக்க முடியாது. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் அடுப்படிக்குத்தான் கண் போகும்.

படிக்க வந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் தீயணைப்பு சிலிண்டர் நிரப்பும் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். நீங்கள் இப்போது உள்ளே வைத்திருக்கிறீர்களே, அந்த முதலாளியின் கடை. எங்கள் ஆட்டத்துப் பாட்டில்களை அங்கேயே நிரப்பிக்கொள்ள விட்டார். ‘உன் கை மேல நம்பிக்கை இருக்குப்பா. ஆனா எதையும் அவசரப்பட்டுச் செய்யாத’ என்பார். நான் எதையுமே அவசரப்பட்டுச் செய்ததில்லை.

இந்த இடத்தைக் கொஞ்சம் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். பாட்டிலின் தலையில் வால்வு திருகுமரையில் இறுகியிருக்கும். அந்த வால்வு துப்பாக்கியில் இன்னொரு மரையில் ஏறும். ஆட்டம் முடிந்து பாட்டிலைத் திருகிக் கழற்றும்போது, வால்வும் பாட்டிலும் ஒன்றாகச் சுற்றி வெளியே வர வேண்டும். வால்வு தளர்ந்திருந்தால் அது துப்பாக்கியிலேயே நின்றுவிடும், பாட்டில் மட்டும் தனியாகக் கழலும். கைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். திருகுகிறவனுக்கு வித்தியாசமே தெரியாது. கடைசி மரை விட்டதும், உள்ளே இருக்கும் மொத்த அழுத்தமும் ஒரே நொடியில் வெளியே வரும். கைப்பிடி அளவு பாட்டில்தான். ஆனால் நான் சுவரில் ஓட்டையைப் பார்த்தவன்.

கைக்குத் தெரியாததைக் கண்ணுக்குத் தெரியவைக்க டிப்போவில் ஒரு வழி உண்டு. வால்விலிருந்து பாட்டில் கழுத்துவரை ஒரே இழுப்பாக ஒரு கோடு போடுவது. வால்வு கொஞ்சம் அசைந்தாலும் கோடு இரண்டாக உடைந்து, மேல் துண்டு ஒரு பக்கம், கீழ்த் துண்டு ஒரு பக்கம் என்று விலகி நிற்கும். அக்காவின் சிவப்பு நெயில் பாலிஷை வாங்கிவந்து ஐந்து பாட்டிலுக்கும் போட்டேன். ஆளுக்கொரு எண். பூனைக்கு மூன்று, நான் ஆடும்போது அதுவே எனக்கும்.

‘கழட்டும்போது கோட்டைப் பாரு. மேலயும் கீழயும் சேந்து சுத்துதான்னு பாரு. சேந்து சுத்தலன்னா நிறுத்திட்டு என்னைக் கூப்பிடு’ என்று எல்லோருக்கும் சொன்னேன். கோடு விலகிய பாட்டிலின் கழுத்தில் ஒரு துணியைக் கட்டி ஒதுக்கி வைப்பேன். துணி கட்டியதை யாரும் தொடக் கூடாது. அதுவும் டிப்போ வழக்கம்தான்.

‘பொண்ணு பாக்க வர்ற மாதிரி பாட்டிலுக்கு அலங்காரம் பண்றான் பாரு’ என்று நெட்டை சிரித்தான். பூனை சிரிக்கவில்லை. ‘டேய், சோடா கோடு போட்டா நான் கண்ணை மூடிட்டுக் கழட்டுவேன்’ என்றான்.

‘கண்ணைத் தொறந்துட்டுக் கழட்டுடா, மாடு’ என்றேன். இதைச் சொன்னதற்கு நான்கு பேர் சாட்சி.

இப்போது முகமூடிக்கு வருகிறேன். நல்ல முகமூடி வாங்க எனக்கும் பூனைக்கும் தனித்தனியாகக் கட்டுப்படியாகவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து ஒன்று வாங்கினோம். கண்ணாடி இரட்டையாக இருக்கும், மூச்சுப் பட்டாலும் மங்காது. வாரில் இரண்டு அடையாளம்: என் தலை அளவுக்குச் சிவப்பு, அவன் தலை அளவுக்குப் பேனா நீலம். ஒரு முகமூடி என்றால் ஒருவன் ஆடும்போது மற்றவன் எல்லைக் கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும். ஒன்றரை வருடத்தில் நானும் அவனும் ஒரே ஆட்டத்தில் ஒரு முறைகூடச் சேர்ந்து ஆடியதில்லை. அவன் வெளியே வந்து ஈரமாக, சூடாக அதைக் கழற்றிக் கொடுப்பான். அவன் மூச்சு வாடை எனக்கு என் வாடை மாதிரியே பழகிப்போயிருந்தது. அவன் கெட்டவன் இல்லை. அவனைப் பற்றி யாராவது கெட்டதாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

மண்டலப் போட்டிக்கு ஐந்து பேரைத்தான் பதிவு செய்ய முடியும். அதில் நன்றாக ஆடுகிறவர்களை ஒரு கிளப் தன் இளையோர் அணிக்கு எடுத்துக்கொள்ளும். சாமான்கள், உருண்டை, பயணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. கையை வீசிக்கொண்டு போய் ஆடிவிட்டு வரலாம். அந்தக் கிளப்பின் பயிற்சியைப் பார்க்க ஒரு முறை போயிருந்தேன். ஆட்டம் முடிந்ததும் ஆடியவர்கள் துப்பாக்கியை மேசைமேல் போட்டுவிட்டு நடந்தார்கள். பின்னாலேயே வேறு யாரோ வந்து பொறுக்கித் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் வெறுங்கையோடு நடந்த நடை என் கண்ணிலேயே நின்றது. அந்த மாதிரி ஒரு நாள் நடக்க வேண்டும் என்று நினைத்தேன். பெரிய ஆசை என்று சொல்ல மாட்டேன்.

நான்கு இடம் முடிவாகிவிட்டது. ஐந்தாவது இடம் எனக்கா பூனைக்கா என்பதுதான் கேள்வி. அவன் என்னைவிட நன்றாக ஆடுவான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அணி என்று ஒன்று இருந்ததே என்னால்தான்.

வியாழக்கிழமை மத்தியானம் பாட்டில்களை வழக்கம்போலச் சோதித்தேன். மூன்றாம் எண்ணில் கோடு உடைந்திருந்தது. மேல் துண்டு ஒரு நக அகலம் இடப்பக்கம் தள்ளி நின்றது. உள்ளே இருந்த கேஸைத் திறந்துவிட்டு, கழுத்தில் துணி கட்டி, என் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அந்த மத்தியானம் என் மனதில் ஒன்றும் கிடையாது. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

சாயங்காலம் நான்கு மணிக்கு நெட்டை எல்லோரையும் விளையாட்டு அறையில் கூட்டினான். பூனைதான் ஐந்தாவது என்றான். பிறகு என் தோளில் கை போட்டான், அதுவும் இடது தோளில்.

‘டேய் சோடா, மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? நீ இல்லன்னா டீமே கிடையாதுடா. யார் வேணா ஆடலாம், கேஸ் பிடிக்க உன்னால மட்டும்தான் முடியும். நீ டூல்ஸ் பையைத் தூக்கிட்டு எங்ககூட வா. அது போதும்.’

‘சரி’ என்றேன்.

‘கோவமா?’

‘என்ன கோவம். பை ரொம்ப கனமா இருக்கும், ஒரு கை பிடிச்சிக்குங்க.’

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பூனை மட்டும் என்னை ஓரமாக இழுத்துப்போய், ‘நீ ஆடுடா. நான் நெட்டைகிட்ட பேசுறேன்’ என்றான்.

வேண்டாம் என்றேன். அவன் இரண்டாவது முறை கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். அவன் கேட்கவில்லை. ‘தேங்க்ஸ்டா’ என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் நெட்டையோடு சேர்ந்துகொண்டான். அந்த இரண்டாவது முறையைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அவன் கேட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து அறைக்கு வந்தேன். ஜன்னலில் நல்ல வெளிச்சம் இருந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து மூன்றாம் பாட்டிலை எடுத்தேன். துணியை அவிழ்த்தேன். அதே துணியில் நெயில் பாலிஷ் அழிக்கும் தண்ணியைத் தொட்டுப் பழைய கோட்டைத் துடைத்தேன். முழுதாகப் போய்விட்டது. பிறகு புதிதாக ஒரு கோடு போட்டேன். ஒரே இழுப்பு. வால்விலிருந்து கழுத்துவரை நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது. காயட்டும் என்று ஜன்னல் விளிம்பில் நிற்க வைத்தேன்.

நான் செய்தது இவ்வளவுதான். வால்வில் ஸ்பேனர் வைக்கவில்லை. எதையும் தளர்த்தவில்லை. யாரையும் தொடவில்லை. ஒரு கோடு போட்டேன்.

துடைக்கும்போது வால்வு என் விரல்களுக்கே அசைந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வால்வைக் கழற்றி, மரையில் பசை போட்டு முடுக்கியிருந்தால் அரைமணி நேர வேலை. பசை டியூப் மேசை இழுப்பறையில் பாதிக்குமேல் இருந்தது. சோம்பல் இல்லை. இழுப்பறையைத் திறந்தேன், டியூபைப் பார்த்தேன், மூடினேன்.

அப்போது பூனை உள்ளே வந்தான். ‘என் பாட்டிலைக் காணோமேன்னு பார்த்தேன். இங்க என்ன பண்ணுது?’

‘கோடு மங்கிப்போச்சு. புதுசு போட்டிருக்கேன். தொடாத, காயணும்.’

‘எனக்கு மட்டும் ஸ்பெஷலா?’

‘ஆமா. நீதான இப்ப டீம்ல இருக்க.’

கட்டிலில் படுத்துக் காலை சுவரில் தூக்கி வைத்துக்கொண்டான். கிளப்பில் தன்னை எடுத்தால் முதல் வேலையாக முகமூடியை முழுசாக எனக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னான். அங்கே புதிது தருவார்களாம். நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் நிரப்பினேன். வெள்ளிக்கிழமை முதலாளி கடையில் இருக்க மாட்டார், சாவி என்னிடம் இருக்கும். அவர் அந்தப் பாட்டிலைக் கண்ணால் பார்க்கவே இல்லை. கொண்டுபோய்த் துப்பாக்கியில் ஏற்றியதும் நான்தான். அதைப் பக்குவமாகச் செய்ய வேண்டும். முடுக்கும்போது பாட்டிலோடு சேராமல் வால்வு தனியாக அசைந்தால் கோடு கலைந்துவிடும். கலையவில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பயிற்சி ஆட்டம். பூனை துப்பாக்கியை வாங்கினான். கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவேன் என்றவன் அன்று பார்த்தான், மேடம். கட்டைவிரலால் கோட்டை மேலிருந்து கீழே தடவினான்.

‘நேரா இருக்குடா’ என்றான்.

முதல் ஆட்டத்தில் அவன் மூன்று பேரை வெளியேற்றினான். கயிற்றுக்கு வெளியே நின்று கை தட்டினேன். வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். முகமூடியைக்கூடக் கழற்றவில்லை, சிரிப்பு மட்டும் கேட்டது. துப்பாக்கியைத் தலைகீழாக மடியில் வைத்தான், பாட்டிலின் அடி அவன் தாடைப் பக்கம் பார்க்கும்படி. அவன் எப்போதும் அப்படித்தான் வைப்பான். அப்படி வைக்காதே என்று சொல்லிச் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். நெட்டையிடம் ஏதோ பேசிக்கொண்டே திருக ஆரம்பித்தான்.

முதல் வாக்குமூலத்தில், அந்த நேரம் நான் குனிந்து ஷூ நாடா கட்டிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். நீங்களும் எழுதிக்கொண்டீர்கள். நான் போட்டிருந்தது அப்பாவின் பழைய டிப்போ பூட்ஸ். முட்டிவரைக்கும் ரப்பர். அதில் நாடா கிடையாது. அன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தபோதும் அதைத்தான் போட்டிருந்தேன். யாரும் என் காலைப் பார்க்கவில்லை.

நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் சுற்றிலேயே உடைந்தது. கீழ்த் துண்டு பாட்டிலோடு சுற்றிப்போனது, மேல் துண்டு அசையாமல் நின்றது. அந்த மரைக்கு எட்டுச் சுற்று. அவன் பேசிக்கொண்டே திருகியதால் மெதுவாகத்தான் போனது. நான்காவது சுற்றில் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். ஆறாவதில் நெட்டையின் சட்டையைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன், ‘இங்க வா, ஒன்னு காட்டணும்’ என்று. நெட்டை உயிரோடு இருப்பது அதனால்தான். அதை யாரும் எனக்குக் கணக்கில் வைக்கவில்லை.

‘நிறுத்து’ என்பது ஒரே ஒரு சொல். நேரம் இருந்தது.

முகமூடிக்கு ஒரு கீறல்கூட இல்லை. பாட்டில் அதற்குக் கீழே, கழுத்தில் பட்டது. நான் முதலில் சொன்னேனே, நல்ல முகமூடி.

எட்டு நாள் கழித்துப் போட்டி. விலகிவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். பூனைக்காக ஆடுவோம் என்று நெட்டை அழுதான். ஐந்தாவது ஆளாக நான் போனேன். முகமூடியைச் சோப்புப் போட்டுக் கழுவி, வாரைச் சிவப்பு அடையாளத்துக்கு இழுத்துக் கட்டினேன். இரண்டாவது சுற்றில் தோற்றோம். கிளப் ஆட்கள் எங்களில் யாரையும் எடுக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் டூல்ஸ் பையை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். வேறு ஆள் இல்லை.

முதலாளிக்காகத்தான் வந்திருக்கிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். வரும் வழியில் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். ஆனால் அவர் உள்ளே போய் இன்றோடு பத்தொன்பது நாள். அவர் மனைவி இரண்டு முறை விடுதி வாசலில் வந்து என்னிடம் அழுதார். அப்போதெல்லாம் நான் வரவில்லை. இன்று காலை கல்லூரியில் எங்களை உட்கார வைத்து உங்கள் அறிக்கையை வாசித்தார்கள். பாட்டில்கள் எந்தவிதப் பாதுகாப்புப் பரிசோதனையும் இல்லாமல் கவனக்குறைவாகப் பயன்படுத்தப்பட்டன என்று அதில் இருக்கிறது. வாசித்து முடிப்பதற்குள் எழுந்துவிட்டேன்.

மற்றதை எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள், மேடம். கவனக்குறைவு என்று எதுவும் நடக்கவில்லை. நான் சோதித்துப் பார்க்காமல் ஒரு பாட்டிலைக்கூட யார் கையிலும் கொடுத்ததில்லை.